டெங்கு, நீரிழிவு: துண்டுப்பிரசுரமா, வீடியோவா, விளக்கப்படமா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பாடசாலைச் சுகாதார வகுப்புக்கும், நாங்கள் உதவி செய்கிற ஒரு நீரிழிவு கிளினிக்குக்கும் எதைக் கொடுப்பது என்று இந்த வருடம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. துண்டுப்பிரசுரம், வீடியோ, ஒரே தாளில் படமும் சிறு வரிகளுமாக இன்ஃபோகிராஃபிக். கடைசியைத்தான் எடுத்தோம்.

படம் சட்டென்று புரியும், வீடியோ பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். இலங்கையில் போத்தல் பானங்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நிறத்தை விளக்கத் தேவையில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில், ஆபத்தான கட்டம் தொடங்கும். இதைப் பந்தி பந்தியாக எழுதினாலும் "காய்ச்சல் விட்டிட்டுது, இனிப் பயமில்லை" என்கிறவர்கள் இருக்கிறார்கள். வெப்பநிலைக் கோடு கீழே இறங்கும் இடத்தில் சிவப்புப் பட்டை ஒன்று போட்டால் உடனே கேள்வி வருகிறது.

ஆனாலும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது திருத்துகிற வேலைதான். கொழும்பில் எதையும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் கொடுக்க வேண்டும். கிளினிக் நாள் மாறினால் வீடியோவுக்கு மூன்று தடவை குரல் பதிய வேண்டும். கட்டுக்கட்டாக அச்சடித்த பிரசுரத்தை யாரும் குப்பையில் போடுவதில்லை, பழைய தகவலே சுற்றிக்கொண்டிருக்கும். தாளில் ஒரு பெட்டியை மாற்றினால் போதும், தேவைக்கு ஏற்பப் போட்டோகொப்பி எடுக்கலாம். அதற்கு எழுத்து படத்தோடு ஒட்டிப் போகாமல் தனி அடுக்கில் இருக்க வேண்டும். டிசைனர் வெறும் ஜேபெக் தந்தால் வாங்காதீர்கள், திருத்தக்கூடிய மூல பைலைக் கேளுங்கள். பாமினியில் அடித்த தமிழ் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும், யூனிகோடில்தான் வேண்டும். தமிழ் வரி நீளமானது, அதனால் பெட்டிகளைத் தமிழுக்கு அளந்து போட்டுவிட்டு மற்ற மொழிகளை நிரப்புங்கள். கறுப்பு வெள்ளைக் கொப்பியில் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பல்தான். நிறத்தோடு வடிவமும் வேறுபட வேண்டும்.

சரி, பிரசுரம் எங்கே வெல்கிறது? "ஆனால்" என்று தொடங்கும் விஷயங்களில். டெங்குத் தாளில் செவ்விளநீர் படம் போடலாம். அதே செவ்விளநீர் சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியத்தைக் கூட்டிவிடும். இந்த நிபந்தனையைப் படத்தால் சொல்வது கடினம், இரண்டு வரி எழுத்துத்தான் வேண்டும். குளிசை வேளைகளையும் தாதியோ மருந்தாளரோ அவரவருக்குக் கையால் எழுதிக் கொடுப்பதே நல்லது.

வாசிக்கத் தெரியாத முதியவர்களிடம் தாளைக் கொடுத்து நான் அதிகம் பார்த்ததில்லை. அவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிற குரலோ வீடியோவோ பொருந்தலாம். வேண்டாம் என்பதற்குப் போடும் பெருக்கல் குறியைச் சிலர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன் கிளினிக் வரிசையில் நிற்பவர்களிடம் காட்டி, என்ன விளங்குகிறது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். அப்புறம், கீழ் மூலையில் திருத்திய மாதமும் வருடமும் இருக்கட்டும், எந்தக் கொப்பியைக் கழற்ற வேண்டும் என்று அதைப் பார்த்தால் தெரியும்.