ரை, வெட்ச் விதைக் கலவை: விதைக்கு 4 நட்சத்திரம், கம்போஸ்ட்டுக்கு 2

லண்டன் அலாட்மென்டில் (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டு) தக்காளிச் செடிகளைப் பிடுங்கிய பிறகு மண்ணை வெறுமனே விட்டால், குளிர்கால மழை சத்தையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ரை என்ற தானியப் புல்லும் வெட்ச் என்ற பயறு வகைக் கொடியும் கலந்த விதைப் பொட்டலம் வாங்கி, செப்டம்பர் நடுவில் தூவினேன். ஊரில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு செய்யும் வேலைதான்: வெட்ச் தன் வேர் முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும், ரையின் சல்லிவேர் மிச்சச் சத்தைக் கீழே கசிய விடாது. முளைப்பு அருமை. உறைபனியிலும் பச்சை குறையவில்லை.

குறை பொட்டலத்துக் குறிப்பில்தான். ரை மண்ணுக்குள் மட்கும்போது சிறு விதைகள் முளைப்பதைத் தடுக்கும். ஏப்ரலில் அதை மண்ணுக்குள் மடக்கினால், கேரட் விதைக்க ஒரு மாதமாவது காத்திருக்க வேண்டும். நாற்று நடுவதற்குப் பயமில்லை. இதைப் பற்றிப் பொட்டலத்தில் ஒரு வரிகூட இல்லை! அப்புறம், ரையின் வேரை வெட்டிப் புரட்டுவதற்குள் இடுப்பு போய்விடும்.

கூடவே வாங்கிய மூட்டைக் கம்போஸ்ட் சுமார்தான், பாதி மரச்சில்லு. குதிரைச் சாணம் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். மேய்ச்சல் புல்லுக்கு அடிக்கும் அமினோபைராலிட் களைக்கொல்லி, அதைத் தின்ற குதிரையின் சாணம் மட்கிய பிறகும் தங்கித் தக்காளி இலையைச் சுருட்டிவிடும். முதலில் ஒரு தொட்டியில் அந்தக் கம்போஸ்ட்டை நிரப்பி, பீன்ஸ் போட்டு இலை சுருளுகிறதா என்று பார்ப்பது நல்லது. விதையை மறுபடி வாங்குவேன், மூட்டையை வாங்கமாட்டேன்.