கரும்புள்ளிக்கு அசெலாயிக் ஆசிட் க்ரீம் வாங்கலாமா?

பரு ஆறிய இடத்தில் தங்கிவிடும் பழுப்புப் புள்ளிக்குத் தாராளமாக வாங்கலாம். 10, 20 சதவீத அளவுகளில் வருகிறது. முதன்முறை போடுபவர்களுக்கு 10 போதும். தோலுக்கு நிறம் தரும் மெலனின் உண்டாகக் காரணமான டைரோசினேஸ் நொதியை இது மட்டுப்படுத்துகிறது. பருவையும் குறைப்பதால் அடுத்த புள்ளிக்கான வாய்ப்பே குறைகிறது. இதற்காகவே பரு வரும் முகத்துக்கு இதை முதலில் சொல்வோம்.

முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்தபின் பட்டாணி அளவு எடுத்து மெல்லியதாகப் பரப்புங்கள். ஈரத்தோடு போட்டால் எரிச்சல் கூடும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரவில் மட்டும். லேசான குறுகுறுப்பு இருக்கும், பழகிவிடும். சிவந்து தோல் உரிந்தால் நிறுத்திவிடுங்கள். அந்த எரிச்சலே மாநிறத் தோலில் புதுக் கருமையைக் கொண்டுவரும். எலுமிச்சைச் சாறு தேய்த்தவர்களுக்கும் இப்படித்தான் ஆகிறது.

வேகம் எதிர்பார்க்காதீர்கள். பலன் தெரிய 2, 3 மாதம் பிடிக்கும், அதுவும் பகலில் சன்ஸ்கிரீன் போட்டால்தான். மங்கு, அதாவது முகத்தில் படரும் பழுப்புத் திட்டு இருந்தால், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், வெள்ளை சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுக்காது. சாம்பல் நீலமாகத் தெரியும் ஆழமான கருமை இந்த க்ரீமுக்கு அசையாது. கழுத்து கறுத்துத் தடித்திருந்தால் க்ரீமுக்கு முன் சர்க்கரை பரிசோதனை செய்யுங்கள்.

சீக்கிரம் வெளுக்கும் என்று கடையில் யாராவது மொமெட்டசோன் கலந்த க்ரீமை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். அது ஸ்டீராய்டு, மருத்துவர் சொல்லாமல் தொடர்ந்து போட்டால் முகத்தோல் மெலிந்து சிவக்கும்.