கிராண்ட் கேன்யனில் மூட்டை முடிச்சோடு: சவுத் கைபாப் இறக்கம், பிரைட் ஏஞ்சல் ஏற்றம்

மலை ஏறுகிறவர்களுக்குக் கஷ்டம் முதலில் வரும், இறக்கம் பிறகு வரும். அமெரிக்காவில் அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இது தலைகீழ். உடம்பில் தெம்பு இருக்கும்போது இறக்கம், களைத்துப்போன பிறகு ஏற்றம். இங்கே சிக்கிக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் தவறுகிறார்கள். இறங்குவதற்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்க வேண்டும்.

தென் விளிம்பிலிருந்து இறங்க இரண்டு முக்கியப் பாதைகள் உண்டு. சவுத் கைபாப் 2,213 மீட்டர் உயரத்தில் தொடங்கி, 11.3 கிலோமீட்டரில் 1,457 மீட்டர் இறங்கி, கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள பிரைட் ஏஞ்சல் முகாமை அடைகிறது. வழி முழுக்க முகட்டின் மேலேயே போவதால் காட்சிக்குக் குறைவில்லை. ஆனால் நிழல் கிடையாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது. பிரைட் ஏஞ்சல் பாதை முகாமிலிருந்து 15.3 கிலோமீட்டர். நீளம் அதிகம்தான், ஆனாலும் பக்கவாட்டுப் பள்ளம் ஒன்றை ஒட்டி ஏறுவதால் நிழல் உண்டு, நடுவில் ஹவாசுபாய் கார்டன்ஸ் முகாமில் தண்ணீரும் உண்டு. அதனால் சவுத் கைபாபில் இறங்கிப் பிரைட் ஏஞ்சலில் ஏறுவதே சரி. வெயில் காலத்தில் சவுத் கைபாபில் ஏறலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

சவுத் கைபாப் முகப்புக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. காரைப் பிரைட் ஏஞ்சல் பாதையின் முகப்புப் பக்கம் நிறுத்திவிட்டு, விடியற்காலையில் கிளம்பும் ஹைக்கர்ஸ் எக்ஸ்பிரஸ் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. திரும்பி ஏறி வரும்போது வண்டி பக்கத்திலேயே இருக்கும்.

இறக்கத்தில் அடி வாங்குவது முழங்காலும் கால் கட்டைவிரலும். மண் அரித்துப் போகாமலிருக்கப் பாதையின் குறுக்கே மரக்கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். தினமும் கோவேறு கழுதைகள் மிதித்து மிதித்து இரண்டு கட்டைகளுக்கு நடுவே குழி விழுந்திருக்கும். அதனால் ஒவ்வொரு படியும் எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருக்கும். முதுகில் 14 கிலோ இருந்தால் ஒவ்வொரு முறையும் அந்த எடை முழங்காலில் வந்து இறங்கும். இரண்டு கைக்கம்புகளையும் சமதளத்தில் பிடிக்கும் நீளத்தைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, முதலில் கம்பை ஊன்றி, பிறகு காலை வைக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிட வேண்டும். ஷூவின் நாடாவைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் பாதம் முன்னால் சறுக்காது. இதைச் செய்யாதவர்களுக்கு நகம் கறுத்து, சில வாரங்களில் கழன்று விழும்.

கழுதை வரிசை வந்தால் பாதையின் உட்புறம், அதாவது மலைச்சரிவை ஒட்டி நின்றுகொண்டு, ஓட்டிவருபவர் சொல்வதைக் கேட்டு அசையாமல் இருக்க வேண்டும். பள்ளத்துப் பக்கம் ஒதுங்குவது ஆபத்து.

இனி தண்ணீர். பள்ளத்தாக்கு அடங்கிய தேசியப் பூங்காவின் குழாய்த் தண்ணீர் வடக்குச் சரிவிலுள்ள ரோரிங் ஸ்பிரிங்ஸ் ஊற்றிலிருந்து வருகிறது. பள்ளத்தாக்கைக் கடந்து அதைக் கொண்டுவரும் குழாய் 1960-களில் போட்டது. 2010-க்குப் பிறகு மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. 2023 முதல் புதிய குழாய் வேலை நடப்பதால் பாதைகளையும் முகாம்களையும் அவ்வப்போது மூடுகிறார்கள். கிளம்பும் வாரத்தில் பூங்காவின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். வரைபடத்தில் குழாய் இருக்கிறது என்று நம்பித் தண்ணீர் ஃபில்டரை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். சவுத் கைபாபில் இறங்க ஆளுக்குக் குறைந்தது 3 லிட்டர், கோடையில் 4 லிட்டர் வேண்டும்.

0.1 மைக்ரான் துளையுள்ள, கையால் பிழியும் வகை ஃபில்டர் இந்தப் பாதைக்குப் பொருத்தம். முகாமை ஒட்டி ஓடும் பிரைட் ஏஞ்சல் ஓடையில் அது நன்றாக வேலை செய்யும். கொலராடோ ஆற்றுத் தண்ணீர் கலங்கலாக இருக்கும் நாட்களில் சில லிட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். ஆற்றில் படகு விடுகிறவர்கள் வாளித் தண்ணீரில் படிகாரம் கலக்கி மண்டி அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் வடிகட்டுவார்கள். நம் ஊர்ப் பழக்கம்தான், அங்கேயும் அதேபோல் உதவுகிறது.

பல வருடம் உழைக்க வேண்டுமென்றால் இந்த ஃபில்டரில் மூன்று இடங்களைக் கவனிக்க வேண்டும். பாட்டில் திருகும் வாயில் உள்ள ரப்பர் வாஷர் கழன்று விழுந்துவிடும். அது இல்லாவிட்டால் ஓரத்தில் கசியும் அழுக்குத் தண்ணீர் சுத்தமான தண்ணீரோடு கலந்துவிடும். இரண்டு வாஷர் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்தது குளிர். ஒருமுறை நனைந்த ஃபில்டர் உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழாய்கள் விரிசல் விடும், வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போலவே வரும். உறைந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அதைத் தூக்கிப் போட்டுவிடுவது நல்லது. குளிர் இரவுகளில் அதை ஒரு ஜிப் பையில் போட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்க வேண்டும். மூன்றாவது சுண்ணாம்பு. இங்கே ஊற்றுநீர் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவதால் உப்புப் படிந்து ஓட்டம் மெதுவாகும். வீடு திரும்பியதும் அரை மணி நேரம் வெள்ளை வினிகரில் ஊறவைத்து, சிரிஞ்சால் எதிர்த்திசையில் நல்ல தண்ணீரை வேகமாகச் செலுத்தினால் சரியாகிவிடும்.

தண்ணீரைவிடப் பலரும் கவனிக்காதது உப்பு. வெயிலில் வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தலைவலி, குமட்டல், தடுமாற்றம் எல்லாம் வெப்பத் தளர்ச்சி போலவே தெரியும். கூட வருபவர் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொடுப்பார், நிலைமை மோசமாகும். நிறையக் குடித்திருக்கிறார், அடிக்கடி நிறமில்லாமல் சிறுநீர் போகிறது என்றால் சோடியம் குறைந்திருக்கிறது என்றே சந்தேகிக்க வேண்டும். தண்ணீரை நிறுத்தி, உப்பான தீனி கொடுத்து, நிழலில் உட்கார வைக்க வேண்டும். பேச்சு குழறினாலோ மயங்கினாலோ தாமதிக்காமல் ரேஞ்சருக்கு, அதாவது பூங்காக் காவலருக்குச் சொல்ல வேண்டும். மணிக்கொருமுறை உப்புக் கடலையோ முறுக்கோ வாயில் போட்டுக்கொண்டே நடந்தால் இந்த நிலை வருவது அபூர்வம்.

ஜூலையில் ஆற்றங்கரையில் பகல் வெப்பம் சராசரியாக 41 டிகிரி. விளிம்பில் இதமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, கீழே 11 டிகிரிக்கு மேல்கூட கூடுதலாக இருக்கும். கோடையில் காலை 10 முதல் மாலை 4 வரை நடக்க வேண்டாம் என்று ரேஞ்சர்கள் சொல்வதை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர்தான் நல்ல மாதங்கள். குளிர்காலத்தில் இரண்டு பாதைகளின் மேல் பகுதியிலும் பனிக்கட்டி உறைந்து கிடக்கும். அப்போது ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக் இல்லாமல் காலடி வைக்க முடியாது.

முகாமில் கரடிப் பயம் இல்லை. தொல்லை அணில், எலி, காக்கை, இரவில் வரும் ரிங்டெயில் என்ற வளைய வால் சிறு விலங்கு இவற்றால்தான். ஒவ்வோர் இடத்திலும் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, உதட்டுக் களிம்பு எல்லாம் அதற்குள் போக வேண்டும். காலிப் பையைக் கம்பத்தில் தொங்கவிட்டு எல்லா ஜிப்பையும் திறந்து வைக்க வேண்டும். மூடியிருந்தால் எலி துணியைக் கடித்து வழி செய்துகொள்ளும்.

ஓர் இரவு தங்கி மறுநாளே மேலே வருவதைத்தான் பலரும் திட்டமிடுகிறார்கள். இரண்டு இரவாக்கினால் எல்லாமே மாறிவிடும். முதல் இரவு பிரைட் ஏஞ்சல் முகாம். மறுநாள் விடியலில் 8 கிலோமீட்டர் ஏறினால் வெயில் ஏறுமுன் ஹவாசுபாய் கார்டன்ஸ் வந்துவிடும். நாள் முழுக்கக் காட்டன்வுட் மர நிழலில் கிடந்துவிட்டு, மாலையில் 2.4 கிலோமீட்டர் தள்ளியுள்ள பிளாட்டோ பாயிண்டுக்குப் பையில்லாமல் போய், ஆற்றை நேர் கீழே பார்க்கலாம். மூன்றாம் நாள் மிச்சம் 7.2 கிலோமீட்டரும் 930 மீட்டர் ஏற்றமும்தான். இதற்கு இரண்டு முகாம்களின் பெயரையும் வரிசைப்படி, கீழே இரவு தங்குவதற்கான பெர்மிட் விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும். நல்ல மாதங்களுக்கு நான்கைந்து மாதம் முன்பே பெர்மிட் குலுக்கலில் சேர வேண்டியிருக்கும். வார நாளைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.