சிவப்பு லைட் எரிந்தால் யார் வருவார்கள்?

சங்கரன்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வில்லங்கம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பான் கார்டு, கல்வி உதவித்தொகை என்று எல்லாமே நெட்டை நம்பித்தான். நெட் போனால் ஜெராக்ஸ் கடை. போன மாசியில் ஏர்ஃபைபர் இணைப்பு ஒன்று வாங்கினேன். பழைய கேபிள்காரர் ஃபைபரையும் விடாமல், ஆறு மாதம் இரண்டையும் ஒரே கடையில் ஓட்டிப் பார்த்தேன். ஆடி முடிந்ததும் ஏர்ஃபைபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் இது.

முதலில் பெயர்க் குழப்பம். ஏர்ஃபைபரில் வீடு வரை எந்தக் கண்ணாடி இழையும், அதாவது ஃபைபரும், வராது. மாடியில் ஒரு பெட்டியை நிறுத்துவார்கள். அது டவரிலிருந்து 5ஜி சிக்னலைப் பிடித்து, ஒரு வயர் வழியாக உள்ளே இருக்கிற வைஃபை பெட்டிக்கு இறக்கும். ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லியிலும் மும்பையிலும் இதை ஆரம்பித்தது. ஜியோ அடுத்த மாதமே சென்னை உட்பட எட்டு நகரங்களில் இறங்கியது. எங்கள் பக்கம் வர அப்புறம் கொஞ்ச நாள் ஆனது. நிறுவனங்களுக்கு இதில் வசதி என்னவென்றால், தெருத் தெருவாக வயர் இழுக்க வேண்டாம். 5ஜி-க்காக ஏற்கெனவே கொட்டிய பணத்தை வீட்டு நெட்டிலும் கொஞ்சம் எடுத்துவிடலாம்.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் விசாரித்தபோது ஏர்ஃபைபர் 599 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 707. கேபிள்காரருக்கு வரியோடு 590 கொடுக்கிறேன். வேகமும் பகலில் ஏறக்குறைய ஒன்றுதான். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஊரே போனும் கையுமாக உட்காரும்போது ஏர்ஃபைபர் கொஞ்சம் திணறும். சான்றிதழை ஸ்கேன் செய்து ஏற்றும்போது அது நன்றாகத் தெரியும். வீட்டில் சீரியல் பார்க்கிறவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியக்கூட வாய்ப்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நெட் என்றைக்காவது ஒரு நாள் போகும். யாருடையதானாலும் போகும். அன்றைக்கு யார் வருகிறார்கள், எத்தனை மணி நேரத்தில் வருகிறார்கள் என்பதில்தான் எனக்கு எல்லாமே முடிவானது.

ஆடி மாதம் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்று தென்காசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை. அப்படி ஒரு நாள், உயரமாக வைக்கோல் ஏற்றி வந்த லாரி ஒன்று, காற்றில் தாழ்ந்து தொங்கிய இழையை மாட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கடையில் ஃபைபர் பெட்டியில் சிவப்பு லைட். மணி ஆறரை. அன்றுதான் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், பெஞ்சில் ஏழு பேர். ஏர்ஃபைபர் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் சுற்றிக்கொண்டே இருந்தது. கேபிள் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "லைட்டு செவப்பா எரியுதா? கடையை அடச்சிராதீய, இந்தா வாரேன்" என்றார்.

டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏணியோடு வந்தார்கள், அவரும் ஒரு பையனும். இழையை ஒட்டுகிற ஸ்ப்ளைசிங் மெஷினுக்குக் காற்றும் தூசியும் ஆகாது. ஏறக்குறைய தலைமுடி கனமே இருக்கிற இரண்டு கண்ணாடி நுனிகள் நேருக்கு நேர் நின்று உருகி ஒட்ட வேண்டும். எங்கள் ஊர் ஆடிக் காற்றில் அது எப்படி நிற்கும்? டீக்கடையில் ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியை வாங்கி, மெஷினை அதற்குள் வைத்து, பையன் செல்போன் டார்ச் அடிக்க, அண்ணாச்சி ஒட்டினார். ஏழரைக்குள் பச்சை லைட். ஏழு பேரும் ரசீது வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஏர்ஃபைபர் படுத்தது வைகாசியில். பெட்டியில் லைட் எரிகிறது, நெட் மட்டும் இல்லை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இலவச எண்ணில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று போய், புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியில் வந்தது. ஆள் வந்தது மூன்றாம் நாள், திருநெல்வேலியிலிருந்து. மாடிப் பெட்டி காற்றில் கொஞ்சம் திரும்பியிருந்தது. நேராக்கி, போல்ட்டை முடுக்கினார், ஐந்து நிமிட வேலை. நல்ல பையன், பாவம், மூன்று தாலுகாவுக்கு அவர் ஒருவர்தானாம். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. திருநெல்வேலி தூரம், அவ்வளவுதான்.

டிவி பார்க்கிறவர்கள் டிஷ்ஷுக்கும் பிறகு செல்போனுக்கும் போன காலத்தில், கேபிள்காரர்கள் பிழைக்க வழி தேடித்தான் நெட்டுக்கு வந்தார்கள். பெரிய நிறுவனத்திடமோ பிஎஸ்என்எல்லிடமோ கூட்டு வைத்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த தெருக்களிலேயே இழையை இழுத்தார்கள். எந்த வீட்டுத் தென்னை எந்த வயர்மேல் சாய்ந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். அரசாங்கத்துக்கும் இது தாமதமாகத்தான் புரிந்தது. ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் திட்டத்துக்கு 2011-லேயே ஒப்புதல் கொடுத்தார்கள், பிற்பாடு பாரத்நெட் என்று பெயர் மாற்றினார்கள். தமிழ்நாட்டில் இந்தத் திட்டத்தில் 12,525 ஊராட்சிகள், மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை வீட்டுக்கு நடந்து வராதே! 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்கு அந்தத் திட்டத்தை மாற்றியமைத்தபோது, வீட்டு இணைப்பையும் அதன் பராமரிப்பையும் உள்ளூர்த் தொழில்முனைவோரிடம் விட்டு, வருமானத்தைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்ளும் வழிக்கு வந்தார்கள். அதாவது, அண்ணாச்சியைத் தேடி வந்தார்கள்.

அதற்காக அண்ணாச்சியைத் தெய்வமாக்கவில்லை. ரசீது கேட்டால் சிரிப்பார். எங்கள் தெருவில் வேறு கேபிள்காரர் நுழைய மாட்டார், அது அவர்களுக்குள் பேசி வைத்த எல்லை. நாளைக்கே நூறு ரூபாய் ஏற்றினால் நான் முனகிவிட்டுக் கொடுக்க வேண்டியதுதான். அவர் ஊர்க் கோயில் கொடை நடக்கிற மூன்று நாளும் நெட் போகாமல் இருக்க நாமும் சாமி கும்பிட வேண்டும். மின்வெட்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் அவர் கருவிகள் வைத்திருக்கிற அறையின் பேட்டரி தீர்ந்து, என் கடையில் இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. டவருக்கு ஜெனரேட்டர் இருப்பதால் அப்போதெல்லாம் ஏர்ஃபைபர்தான் கைகொடுத்தது. இனி அப்படி ஆனால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில்தான் சமாளிக்க வேண்டும்.

மைத்துனர் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தில் இருக்கிறது. ஒரு வீட்டுக்காக அவ்வளவு தூரம் இழை இழுக்க யாரும் வரமாட்டார்கள். அவருக்கு நானேதான் ஏர்ஃபைபர் போடச் சொன்னேன், டவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, குறையில்லாமல் ஓடுகிறது. வாடகை வீட்டில் இருந்து வருடாவருடம் மாறுகிறவர்களுக்கும் அதுவே தேவலை. ஐப்பசி அடைமழையில் எப்படி இருக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதற்கு முன்பே பெட்டியை ஒப்படைத்துவிட்டேன்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் அதை நிறுத்திய இரும்புக் குழாயை மாடியிலேயே விட்டுவிட்டார்கள். பின்தெருவுக்குப் போகிற இழையை அதில் கட்டிக்கொள்ளட்டுமா என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். லாரி போகிற வழியில் தொங்காமல் போகுமாம்.