மொட்டைமாடி சோலாரா, கலெக்டர் ஆபீஸ் மனுவா?

பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க நம் பழக்கத்தை மாற்றுவதா, அரசிடம் கேட்பதா? நாகர்கோவிலில் மாடியில் சோலார் போட்டவர்கள் சொல்வது: "முதல்ல நாம மாறணும்." தப்பில்லை. 3 கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசின் மானியம் 78,000 ரூபாய். கரண்ட் பில்லும் குறையும். ஆனால் அந்த மானியமே அரசியல் முடிவுதானே!

தூத்தூர், சின்னத்துறை மீனவ ஊர்கள் பக்கம் பேச்சே வேறு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ஆழ்கடலில் தங்கி மீன்பிடித்த பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் நாம் எத்தனை துணிப்பை தூக்கியிருந்தாலும் சேர்ந்திருக்காது. அதற்கு வேண்டியது சாட்டிலைட் போன், உடனே தேடப்போகும் கப்பல். கடலரிப்புக்குத் தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர். (அதைப் போட்டால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும் என்பது தனிச் சண்டை.) முப்பந்தல் காற்றாலைகளும் அரசு சலுகை கொடுத்துத்தான் பெருகின.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கணும் என்றால் என் ஓட்டு மனுவுக்கே. சோலாருக்குச் சொந்த மாடி வேண்டும். திங்கட்கிழமை மனு கொடுக்க வாடகைக்கு இருப்பவரும் போகலாம்.