ரங்கூனா, பினாங்கா?

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) எழுபது வயது, சர்க்கரை வேறு. ஐயா (தாத்தா) கடை வைத்திருந்த ரங்கூனைப் பார்க்க வேண்டும் என்கிறார். காரைக்குடி வீட்டு வளவில் ஒரு வாரமாக இதே பேச்சு; ஆத்தாவின் ஓட்டு பினாங்குக்கு.

டெங்கு இரண்டு ஊரிலும் உண்டு. பகலில் கடிக்கும் கொசு என்பதால் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டிக் களிம்பும் வேண்டும்.

மற்றதில்தான் வித்தியாசம். 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு பர்மாவில் பல பகுதிகளில் சண்டை. 2025 மார்ச் நிலநடுக்கம் மண்டலேயைக் குலைத்துப் போட்டது. ரங்கூன் ஓரளவு அமைதிதான். ஆனால் நடுராத்திரி நெஞ்சு வலித்தால்? (தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி, எல்லை தாண்டி பர்மாவின் மியாவடியில் நம் பையன்களை அடைத்து வைத்ததும் மறக்கவில்லை.)

பினாங்கில் நல்ல தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன, செலவுதான் கையைக் கடிக்கும். சரி, பயணக் காப்பீடு எடுக்கலாம். ஆனால் சர்க்கரையை மறைத்தால் பணம் தர மறுத்துவிடுவார்கள். மாத்திரையும் மருந்துச் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம், யார் பொட்டலம் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. மலேசியாவில் போதைப்பொருள் வழக்கு தூக்குவரை போகும்.

என் ஓட்டும் பினாங்குக்கே. தைப்பூசத்துக்கு நகரத்தார் வெள்ளி ரதம் அங்கேயும் ஓடுகிறது, அப்பச்சி அதற்கு மசிவார்.