ஐ5-க்காகக் கூடுதலாகக் கொடுத்த 11,000 ரூபாய்

போன வாரம் லேப்டாப்பின் ஃபேன் நின்றுவிட்டது. 20-ஆம் தேதிக்கு இரண்டு நாள் முன்னால். திருப்பூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவர்களுக்கு 20-ஆம் தேதி என்றால் என்னவென்று தெரியும், ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அடிமூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து திரியாகத் திரண்டிருந்த பஞ்சை உருவி எடுத்தார். பனியன் கம்பெனிகளில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் மூக்கில் ஏறும் பஞ்சு லேப்டாப்பிலும் ஏறத்தான் செய்யும். புது ஃபேன், தெர்மல் பேஸ்ட், கூலி எல்லாம் சேர்த்து 1,450 ரூபாய். மூன்று வருட உழைப்புக்குப் பிறகு வந்த செலவு, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் வருத்தம் வேறு. அதைக் கிளறிவிட்டது தங்கை மகனின் போன். "மாமா, காலேஜுக்கு லேப்டாப் வாங்கணும். ஐ3 போதுமா, ஐ5 வாங்கணுமா?" ஐ3, ஐ5 என்பவை லேப்டாப்பின் மூளையான இன்டெல் சிப்பின் வகைகள், ஐ5 விலை கூடியது. 2022 தீபாவளிக்கு முன்னால் கடையில் நின்றுகொண்டு நான் கேட்ட அதே கேள்வி.

அன்று மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருந்தன. ஒரே மாடல், ஒரே திரை, இரண்டிலும் 8 ஜிபி ரேம். ஒன்றில் இன்டெல் ஐ3-1215யு, இன்னொன்றில் ஐ5-1235யு. விலை வித்தியாசம் 11,000. "ஐ5-ன்னா ஐரிஸ் கிராஃபிக்ஸ் வருதுங்க சார், அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். ஐரிஸ் என்றால் திரையில் படம் காட்டும் பகுதியில் (கிராஃபிக்ஸ்) வேகமான வகை, யுஎச்டி என்றால் சாதாரண வகை. அவரை நம்பித்தான் ஐ5 வாங்கினேன்.

அந்த 11,000-க்கு என்ன கிடைத்தது என்று பிற்பாடு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். இரண்டுமே 12-ஆம் தலைமுறை சிப். சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிக்குக் கோர் என்று பெயர். இந்தத் தலைமுறையில் வேகமான பெரிய கோர், சிக்கனமான சிறிய கோர் என்று இரண்டு வகை உண்டு. பெரிய கோர் ஐ3-லும் இரண்டுதான், ஐ5-லும் இரண்டுதான். அவற்றின் உச்ச வேகமும் இரண்டிலும் ஒன்றே, 4.4 கிகாஹெர்ட்ஸ். சிறிய கோர் மட்டும் ஐ3-ல் நான்கு, ஐ5-ல் எட்டு. கணக்கு எழுதும் டேலி மென்பொருளைத் திறப்பது, பில் போடுவது, போர்ட்டலில் ரிட்டர்ன் ஏற்றுவது எல்லாம் அந்தப் பெரிய கோர்கள் பார்த்துக்கொள்ளும் வேலை. அதில் நான் கொடுத்த கூடுதல் பணத்துக்கு வேலையே இல்லை.

சரி, ஐரிஸ் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், அதுதான் இன்னும் கொடுமை. கீபோர்டுக்குப் பக்கத்தில் ஐரிஸ் எக்ஸ்இ என்று ஸ்டிக்கர் பளபளவென்று இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் யுஎச்டி கிராஃபிக்ஸ் என்று காட்டுகிறது. டிரைவர் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை விண்டோஸையே புதிதாக ஏற்றினேன். கோளாறு அங்கே இல்லை. இந்த வகை சிப்பில் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமைத்தான் கடன் வாங்கும். ரேமுக்கும் சிப்புக்கும் நடுவே உள்ள பாதைக்குச் சேனல் என்று பெயர். இரண்டு சேனலிலும் ரேம் இருந்தால்தான் அது ஐரிஸ் எக்ஸ்இ, ஒன்றில் மட்டும் இருந்தால் யுஎச்டி. இது இன்டெல் வைத்திருக்கும் விதி. லேப்டாப் செய்த கம்பெனிக்கு இது தெரியாதா? ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபியைச் செருகி, மற்றொன்றைக் காலியாக விட்டு, மேலே ஸ்டிக்கரையும் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். பதினாறு மாதம் நான் காசு கொடுத்து வாங்கிய பொருளில் பாதியைப் பயன்படுத்தாமலே இருந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

2024 பிப்ரவரியில் 1,900 ரூபாய்க்கு இன்னொரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன். அன்று மாலை கிடைத்த சந்தோஷத்தையும் சொல்லியாக வேண்டும். அலுவலகத்தில் இணைத்திருக்கும் பெரிய மானிட்டரில் எக்செல் ஷீட்டை நகர்த்தினால் அதுவரை திக்கித் திக்கி வரும்; அன்றைக்கு வழுக்கிக்கொண்டு போனது. முப்பது டேப் திறந்து வைத்தும் மூச்சு வாங்கவில்லை. இந்த மூன்று வருடத்தில் எந்தச் செலவும் எனக்கு இவ்வளவு நிறைவு தந்ததில்லை.

சாயப்பட்டறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவரிடம் ஐ3-1215யு லேப்டாப் இருக்கிறது, 16 ஜிபி இரண்டு ஸ்லாட்டிலும் பிரித்துப் போட்டது. சப்ளையர்கள் போட்ட பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலோடு அவருடைய கணக்கை ஒப்பிடும் எக்செல் ஃபைலை இரண்டிலும் ஓட்டினேன். மொத்தக் கணக்கையும் திரும்பப் போட என்னுடையது 38 விநாடி, அவருடையது 47 விநாடி. வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். வீடியோ எடிட் செய்கிறவருக்கு அந்தச் சிறிய கோர்கள் இன்னும் பெரிதாக உதவும். எனக்கு மாதத்தில் ஒரு நாள், ஒன்பது விநாடி.

நியாயமாகப் பார்த்தால் நல்ல லேப்டாப்தான். ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை, கீபோர்டு இன்னும் புதிது போல் இருக்கிறது, ஃபேன் மாற்றிய பிறகு சத்தமும் அடங்கிவிட்டது. ஆனாலும் யாராவது இதை வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்த ஸ்டிக்கரை ஒட்டிய கைக்கு இன்னொரு முறை காசு கொடுக்க மனம் வரவில்லை.

மருமகன், ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7520யு சிப் உள்ள ஒரு லேப்டாப்பின் லிங்கை அனுப்பியிருந்தான். 7000 வரிசை என்றதும் புதிது என்று நினைத்துவிட்டான். அந்த வரிசையில் பார்க்க வேண்டியது மூன்றாவது இலக்கத்தை. 2 என்றால் ஜென் 2 என்ற, 2019-ல் வந்த சிப் வடிவமைப்பு. 3 என்றால் ஜென் 3, 2020-ல் வந்தது. 7520யு-வில் நான்கு கோர், 7530யு-வில் ஆறு கோர், பெயர் இரண்டுக்கும் ரைசன் 5. அதோடு 7520யு-வுக்கான ரேம் போர்டிலேயே பற்றவைத்து வரும். 8 ஜிபியோடு வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். நான் 1,900 ரூபாயில் செய்ததை அவனால் செய்யவே முடியாது.

அவனுக்கு பி.காம் சிஏ படிப்பு. ஐ3-1215யு அல்லது 1315யு, இரண்டு ரேம் ஸ்லாட் உள்ளதாகப் பார்த்து வாங்கு, மிச்சமாகும் பணத்தில் அன்றே இன்னொரு ரேம் போட்டுவிடு என்று சொல்லிவிட்டேன். "ஐ3-ன்னா ஃப்ரெண்ட்ஸ் என்ன நினைப்பாங்க மாமா?" என்று இழுத்தான். ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். பில் போடுவதற்கு முன்னால் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட் என்று காட்டச் சொல்ல வேண்டும்.